மரணக் கிணற்றில் ஓட்டுகிறவருக்குப் பயமில்லையா?

ஐயா,

மகளைப் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போயிருந்தேன். ஒன்பது வயது. மரணக் கிணற்றை விட்டு நகரவே மாட்டேன் என்றுவிட்டாள். பைக் ஓட்டியவர் கிணற்றுச் சுவரிலேயே கைகளை விட்டபடி சுற்றினார், மேலே நின்றவர்கள் நீட்டிய பத்து ரூபாய்த் தாளைப் பறித்துக்கொண்டு போனார். வீடு வரும்வரை ஒரே கேள்வி. “விழுந்தா செத்துருவோம்னு தெரிஞ்சும் ஏம்ப்பா ஓட்டுறாங்க? அவங்களுக்கு அது புடிச்சிருக்கா?” நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவளைத் தூண்டிவிடவும் கூடாது, பொய்யும் சொல்லக் கூடாது. எப்படிச் சொல்வது?

ஒரு வாசகர், மேலூர்

அன்புள்ள நண்பருக்கு,

ஓட்டுகிறவருக்கு அது பிடித்திருக்கிறதா என்று எனக்கும் தெரியாது. அவருக்கு அது பிழைப்பு. உடம்பு சரியில்லை என்றாலும் அடுத்த ஆட்டத்துக்கு ஏறித்தான் ஆக வேண்டியிருக்கும். ரசித்தது மேலே நின்ற நாம். இதை முதலில் அவளிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கு இது புரியும்.

அப்புறம், ஆபத்து ஏன் பிடிக்கிறது என்பது. அவள் ராட்டினம் ஏறியிருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம். மேலிருந்து இறங்கும்போது வயிற்றில் ஏதோ செய்ததா, அதற்குப் பிறகும் இன்னொரு சுற்று கேட்டாயா என்று கேளுங்கள். சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன. பயந்ததும் அவை அட்ரினலினைச் சுரக்கின்றன. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உடம்பு ஓடத் தயாராகிறது. ஓட வேண்டியதில்லை என்று தெரிந்த நொடியில் அதே படபடப்பு சிரிப்பாகிவிடுகிறது.

ஆனால் இதோடு விட்டால் பாதிதான். நான் நீச்சல் பழகியது எங்கள் ஊர்க் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு. முதலில் தண்ணீரை ஒட்டிய படியிலிருந்து குதிப்பதற்கே அரை மணி நேரம் நின்றேன். ஒரு வாரத்தில் அந்தப் படி சப்பென்று ஆகிவிட்டது. அடுத்த படிக்கு ஏறினேன், பயமும் கூடவே ஏறி வந்தது. நேற்று கால் நடுங்கிய இடத்தில் இன்று சும்மா நிற்கிறோம் என்று தெரிகிறதே, அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் திரும்பத் திரும்பக் குதித்தோம் என்று இப்போது நினைக்கிறேன்.

பசிபிக் கடலில் உள்ள வனுவாட்டு நாட்டில் பெந்தகோஸ்ட் என்று ஒரு தீவு. வள்ளிக்கிழங்கு அறுவடையை ஒட்டி ஆண்கள் கணுக்காலில் கொடியைக் கட்டிக்கொண்டு மரக்கோபுரத்திலிருந்து தலைகீழாகக் குதிப்பார்கள். இருபது மீட்டருக்கு மேல் உயரம். கீழே மண்தான், அதைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கி வைத்திருப்பார்கள். சிறுவர்கள் தாழ்ந்த தட்டிலிருந்து தொடங்குவார்கள். ஆளின் எடை பார்த்துக் கொடியைத் தேர்ந்தெடுக்கப் பெரியவர்கள் உண்டு. பார்க்கிறவனுக்குப் பைத்தியக்காரத்தனம், உள்ளே அவ்வளவு கணக்கு. 1974இல் எலிசபெத் ராணி வந்தபோது, அவர் பார்ப்பதற்காகப் பருவம் தப்பி பிப்ரவரியிலேயே குதிக்க வைத்தார்கள். இழுத்தால் நீண்டு கொடுக்கிற பதம் கொடிக்கு அப்போது வந்திருக்கவில்லை. அறுந்து விழுந்த ஒருவர் இறந்துபோனார். இந்தக் கதையை உங்கள் மகளுக்கு அவசியம் சொல்லுங்கள். தூண்டிவிடுவோமோ என்ற உங்கள் கவலைக்கு என்னிடம் உள்ள மருந்து இதுதான்.

பார்க்க ஆள் இருந்தால் நமக்கும் இதுதான் நடக்கிறது. பட்டணத்திலிருந்து வந்த அத்தை பையன்கள் பார்க்கிறார்கள் என்பதற்காக ஒருமுறை பம்புசெட் அறையின் கூரையிலிருந்து கிணற்றில் குதித்தேன். தாடையில் நான்கு தையல். தனியாக இருந்திருந்தால் அந்தக் கூரைப் பக்கம் போயிருக்கவே மாட்டேன். அமெரிக்காவில் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டெய்ன்பெர்க் என்ற இருவர் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கார் ஓட்டும் கணினி விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். பதின்வயதுப் பிள்ளைகள் தனியாக ஆடியதைவிட நண்பர்கள் கூட இருந்தபோது அதிகமாகத் துணிந்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. ஒன்பது வயதில் இது அவளுக்கு வேண்டாம். நான்கைந்து வருடம் கழித்து, ஸ்கூட்டர் சாவியைக் கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

அவளுடைய இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. பொருட்காட்சி முடிவதற்குள் இன்னொரு முறை போங்கள். கடைசி ஆட்டம் முடிந்தால் அவர் வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருப்பார். அவளையே கேட்கச் சொல்லுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.