அம்மா அருகில் இல்லாத வீட்டில் குழந்தைக்கு முதல் உணவு

தங்கைக்கு,

குழந்தைக்கு ஐந்தரை மாதம், இந்த நாட்டுக்கு வந்து நான்கே மாதம், உதவிக்குப் பெரியவர்கள் யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதே ஊட்டத் தொடங்கு என்கிறார் அம்மா. ஆறு மாதம் ஆகட்டும் என்கிறார் செவிலியர். யார் சொல்வதைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே தவிப்பில் இருந்தேன். இந்த விஷயத்தில் செவிலியர் சொல்வதைக் கேளுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும் என்றுதான் உலகச் சுகாதார நிறுவனமும் சொல்கிறது. அப்போதும் நாள் கணக்கை மட்டும் பார்க்காமல் குழந்தையைப் பாருங்கள். தலை ஆடாமல் நிற்க வேண்டும். சாய்மானம் கொடுத்தால் உட்கார வேண்டும்.

என் மகளுக்கு முதலில் மசித்த கேரட் கொடுத்தேன். முழுவதையும் நாக்கால் வெளியே தள்ளினாள். மோவாயில் வழிந்ததை வழித்து மறுபடி வாயில் வைத்தேன், மறுபடி தள்ளினாள். என் கையால் கொடுப்பது பிடிக்கவில்லையோ என்று அன்றிரவு அழுதேன். வாய்க்குள் வருவதை நாக்கு முன்னால் தள்ளுவது பிறவியிலேயே உள்ள அனிச்சைச் செயல் என்று அப்போது எனக்குச் சொல்ல ஆள் இல்லை. பத்து நாளில் அதே கேரட்டைக் கரண்டியைப் பிடித்து இழுத்துச் சாப்பிட்டாள். ஒரு சுவை பழகப் பத்து முறைகூட ஆகலாம்.

காயோடும் பழத்தோடும் நின்றுவிடாதீர்கள். பிறக்கும்போது உடலில் இருந்த இரும்புச்சத்து ஆறு மாதவாக்கில் தீரத் தொடங்கும். தாய்ப்பாலில் அது குறைவு. குழைய வேகவைத்து மசித்த பருப்பு, முட்டை, இறைச்சி எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே கொடுங்கள். நான் தாமதித்தேன், ஒன்பதாம் மாதத்தில் அவளுக்கு இரத்தச் சோகை வந்தது. கஞ்சி கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல் நிற்க வேண்டும். நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்பும், சத்து சேராது.

வேர்க்கடலையை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு அதைச் சீக்கிரமே கொடுத்தபோது ஒவ்வாமை பெரிதும் குறைந்ததாக 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. நைசாக அரைத்து, நீர்க்கக் கரைத்து, காலையில் கொடுங்கள். பகல் முழுக்கக் கவனிக்கலாம். தோலில் கடுமையான கரப்பான் இருந்தால் மருத்துவரைக் கேட்ட பிறகுதான். முழுக் கடலை ஐந்து வயது வரை வேண்டாம். தேன் ஒரு வயது வரை ஒரு சொட்டும் கூடாது. அதிலுள்ள நுண்ணுயிர் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கக்கூடும். உப்பும் சர்க்கரையும் தேவையே இல்லை.

தனியாக இருப்பவர்களை அதிகம் பயமுறுத்துவது, ஊட்டும்போது குழந்தைக்கு வரும் குமட்டல். முகம் சிவந்து, சத்தமாக இருமி, துப்பிவிட்டால் பயமில்லை. குழந்தை மென்று விழுங்கக் கற்றுக்கொள்கிறது. சத்தமே வராமல் மூச்சுத் திணறுவதுதான் ஆபத்து. அதற்கான முதலுதவியை இந்த இரண்டு வாரத்துக்குள் கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் இருக்கும் நாட்டின் அவசர உதவி எண்ணைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பதற்றத்தில் எனக்குப் பழைய நாட்டின் எண்தான் நினைவுக்கு வந்தது.

வாயை மூடித் தலையைத் திருப்பினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முதல் நாள் இரண்டு கரண்டி போதும். அம்மாவை வீடியோ அழைப்பில் எதிரே வைத்துக்கொண்டு ஊட்டுங்கள். பேத்தியோ பேரனோ முதல் வாய் வாங்குவதைப் பார்க்க அவரும் காத்திருப்பார்.