தீபாவளிச் சரக்கு தையில் திரும்பி வந்தால்?

கேள்வி: இளம்பிள்ளையில் விசைத்தறிச் சேலை உற்பத்தி செய்து வெளியூர்க் கடைகளுக்குக் கடனில் அனுப்புகிறேன். மாதம் இரண்டு லட்ச ரூபாய் வியாபாரம். பணம் மூன்று மாதம் இழுக்கிறது. கேட்டால் விற்காத சேலைகளைக் கட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். என்ன விதி வைக்கலாம்?
- வாசகர், சேலம் மாவட்டம்

பதில்: இரண்டுக்கும் வேர் ஒன்றே. விற்காததைத் திருப்பலாம் என்றால், விற்றபின் பணம் தரலாம் என்றுதான் கடைக்காரர் இருப்பார். ஆகவே முதலில் ரிட்டனுக்கு வரம்பு கட்டுங்கள்.

இழை அறுந்தது, கறை, ஜாக்கெட் பிட் இல்லாதது போன்ற குறைகளுக்கு மட்டும் ரிட்டன். சரக்கு சேர்ந்த 7 நாளுக்குள் பில் எண்ணும் குறை தெரியும் படமும் வாட்ஸ்அப்பில் வர வேண்டும். நெசவுக் குறையைப் பார்க்கச் சேலையைப் பிரித்தே ஆக வேண்டும். மடிப்பு கலைந்ததைச் சொல்லி மறுக்காதீர்கள், அது நியாயமில்லை. ஃபால்ஸ் தைத்தது, துவைத்தது, ஸ்டிக்கர் இல்லாதது ஆகாது.

விற்காத சரக்குக்குப் பணம் கிடையாது, மாற்றுச் சரக்கு மட்டும்: பில் மதிப்பில் 10 சதவீதம் வரை, 30 நாளுக்குள். பண்டிகை டிசைனை தீபாவளிக்கு முன்பே மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு வந்தால் உங்களாலும் தள்ள முடியாது.

இனி கடன். 90 நாள் இழுத்தால் உங்கள் ஆறு லட்சம் வெளியே நிற்கிறது. நூல் கடைக்காரர் அத்தனை நாள் பொறுப்பாரா? 30 நாள் வையுங்கள். புதுக் கடைக்கு முதல் இரண்டு பில் ரொக்கம்; பிறகு அவருடைய ஒரு மாதச் சராசரிக் கொள்முதல் அளவுக்குக் கடன். கெடு தாண்டிய பில் தீராமல் அடுத்த பேல் (சரக்குக் கட்டு) கட்டாதீர்கள். வட்டி போடுவதைவிட இதுதான் வேலை செய்யும்.

உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்தால் அந்த எண்ணை பில்லில் அச்சிடுங்கள். குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும் என்பது சட்டம். தாமதித்தால், பணம் கொடுக்கும் ஆண்டில்தான் அந்தக் கொள்முதலை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். கடைக்காரரின் ஆடிட்டரே அவரை நெருக்குவார். ஆனால் சரக்கு சேர்ந்த 15 நாளுக்குள் அவர் எழுத்தில் குறை சொன்னால், அதைத் தீர்த்த நாளிலிருந்துதான் கெடு ஓடும். குறைகளை உடனே முடியுங்கள்.

திரும்பிய சரக்குக்கு கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) போட்டு, விற்ற நிதியாண்டை அடுத்து வரும் நவம்பர் 30-க்குள் ஜிஎஸ்டி கணக்கில் காட்டுங்கள். ஆண்டுக் கணக்கை அதற்கு முன்பே தாக்கல் செய்தால் அதுவே கெடு. தவறினால் அந்த வரி உங்கள் கைப்பணத்திலிருந்து போகும்.