ஐயாவின் சைக்கிள் கடை

சார், வணக்கம்.

என் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, போன மாதம் காலமானார். வயது 96 என்று வீட்டில் சொல்கிறோம். வாக்காளர் அட்டையோ ஐந்து வயதைக் குறைத்துக் காட்டுகிறது. ரங்கூனில் பிறந்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ஏழாம் வகுப்பு படித்தாராம். ஊர் திரும்பிய கதையை எத்தனை முறை கேட்டாலும் மூன்று வரியில் முடித்துவிடுவார்: "மண்டலே வரைக்கும் ரயிலு. அப்புறம் நடைதான். தம்பி வரலை." பிறகு தேவகோட்டைப் பக்கம் நாற்பது வருடத்துக்கு மேல் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். வருடத் திதிக்கு ஒரு சிறு புத்தகம் போட நினைக்கிறேன். பர்மா நடையைத்தான் பெரிதாக எழுதவேண்டும் என்கிறார் சித்தப்பா. படித்ததை வைத்து நிரப்பலாமா? கடையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

ச., சிவகங்கை மாவட்டம்

அன்புள்ள ச.,

ஐயாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த வருத்தங்கள்.

வயதில் சந்தேகம் வேண்டாம். ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23 அன்று. அப்போது ஏழாம் வகுப்பு என்றால் பிறந்தது 1928, 29 வாக்கில். நீங்கள் சொல்லும் 96தான் பொருந்துகிறது. அந்தத் தலைமுறையில் பலருக்கும் அட்டையில் இருப்பது யாரோ குத்துமதிப்பாகப் போட்ட வயதுதான்.

அவர் வாயில் ஒரு சொல்லைக்கூட நீங்களாக வைக்காதீர்கள். அந்த மூன்று வரியையும் அவர் சொன்னபடியே ஒரு பக்கத்தில் தனியாக அச்சிடுங்கள். அடுத்த பக்கத்தில், உங்கள் குரலில், ஊரறிந்த வரலாற்றை எழுதுங்கள். அன்றைய ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியரிடம் விழுந்தது. லட்சக்கணக்கானவர்கள் காடும் மலையும் கடந்து வந்தார்கள். மண்டலே பக்கமிருந்து கிளம்பியவர்களில் பலர் சிண்ட்வின் ஆற்றைத் தாண்டி, தமு, இம்பால் வழியாகத் திமாப்பூர் ரயிலடிக்கு வந்து சேர்ந்தார்கள். வழியில் காலரா ஏராளமான பேரைக் கொண்டுபோனது.

ஐயா எந்த வழியாக வந்தார், தம்பிக்கு என்ன ஆயிற்று என்பதை மட்டும் நீங்கள் தீர்மானித்துவிட வேண்டாம். எண்பது வருடம் அவர் சொல்லாமல் வைத்திருந்ததை நாம் காலரா என்றோ பசி என்றோ எழுதிவிடுவது அந்தச் சிறுவனுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் அவன் பெயர் குடும்பத்தில் யாருக்காவது தெரியுமா என்று விசாரியுங்கள். தெரிந்தால் அது புத்தகத்தில் இருந்தே ஆகவேண்டும்.

இனி கடை. சித்தப்பாவோடு நான் வேறுபடுவது இங்கேதான். நடை சில மாதம், கடை நாற்பது வருடம். நடை அவருக்கு நேர்ந்தது. கடை அவராக உண்டாக்கியது. நீண்ட நாள் வாழ்ந்தவர்களைப் பற்றி எழுதும்போது ஒரு பெரிய சம்பவம் மிச்ச வருடங்களையெல்லாம் விழுங்கிவிடுகிறது. அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள் தயாராகத் தொடங்கியதே சுதந்திரத்துக்குப் பிறகுதான். அப்போதும் சாதாரண வீட்டில் சொந்த சைக்கிள் எளிதில் கிடைத்துவிடவில்லை. பிள்ளைகள் குரங்கு பெடல் போட்டுப் பழகியது மணிக்கணக்கில் எடுத்த வாடகை வண்டியில்தான். முன்பணம் எதுவும் கிடையாது, "நீ யார் வீட்டுப் பையன்?" என்ற கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். பஞ்சர் ஒட்டுவதை நினைத்துப் பாருங்கள். டியூபை உருவிக் காற்றடித்து, தண்ணீர்ச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கித் திருப்பி, குமிழி வரும் இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளவேண்டும். அப்புறம் ஈரம் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவிக் காயவிடவேண்டும். அவசரப்பட்டால் ஒட்டு நிற்காது. அந்தக் காயும் நேரத்தில்தான் கடையில் பேச்சு நடக்கும். ஐயா அப்போது என்ன பேசினார்? யாரிடம் காசு வாங்காமல் விட்டார்? உங்கள் புத்தகம் இதில்தான் இருக்கிறது.

உறவினர்களுக்கு முன்னால், கடையில் வேலை பார்த்தவர்களிடம் போங்கள். பையன்களாக வந்தவர்களுக்கே இப்போது வயதாகியிருக்கும், அதனால் திதி நெருங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். "ஐயா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்பார்கள், பேச்சு அதோடு நின்றுவிடும். கடையை எத்தனை மணிக்குத் திறப்பார், ஹேண்டில்பாரை வளைத்துக்கொண்டு வந்த பையனை என்ன சொன்னார், சொன்ன நேரத்துக்கு வண்டி வராவிட்டால் யாரை அனுப்பித் தேடினார் என்று கேளுங்கள்.

வாடகை நோட்டு ஒன்றாவது மிஞ்சியிருந்தால், யாரும் எடைக்குப் போட்டுவிடாமல் முதலில் எடுத்து வையுங்கள். பெயர், வண்டி நம்பர், எடுத்த நேரம், விட்ட நேரம் எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கும். ஒரு முழுப் பக்கத்தைப் படமெடுத்து அப்படியே போடுங்கள்.

புத்தகம் வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். படிக்க ஆசையாக இருக்கிறது.