திராட்சை, அத்தி ஆதியிலேயே தோட்டத்துக்கு வந்தும் ஆப்பிளும் பேரிக்காயும் ஏன் பிந்தி வந்தன?

ஒட்டுக்கட்டுதல் தெரிந்த பிறகுதான் அவற்றை நம்பி நட முடிந்தது. நல்ல பழம் தரும் மரத்தின் சிறு குச்சியையோ மொட்டையோ வெட்டி, வேரூன்றிய இன்னொரு கன்றில் பொருத்திக் கட்டுவதுதான் ஒட்டு.

மேற்காசியாவில் முதலில் பயிரான திராட்சை, அத்தி, மாதுளை எல்லாம் சுலபம், கிளையை ஒடித்து நட்டாலே பிடித்துக்கொள்ளும், தாய்மரம் எப்படியோ அப்படியே காய்க்கும். கஜகஸ்தான் மலைக்காடுகளில் பிறந்த ஆப்பிள் அப்படியில்லை. அதன் பூ பெரும்பாலும் வேறு மரத்தின் மகரந்தத்தைத்தான் ஏற்கும், அதனால் ஒவ்வொரு விதையும் ஒரு புதுக் கலப்பு. இனிப்பான பழத்தின் விதையை நட்டாலும் சின்னதாக, புளிப்பாகக் காய்க்கும் மரம் வருவதே அதிகம். குச்சியை நட்டாலும் லேசில் வேர்விடாது.

நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட் வீட்டுக் கொல்லையில் முசாங் கிங் என்ற டுரியான் வகையின் கொட்டையைப் போட்டுப் பாருங்கள், மரம் வரும், ஆனால் அதே முசாங் கிங் வராது. அதனால்தானே நர்சரியில் ஒட்டுக்கன்றாகப் பார்த்து வாங்குகிறோம்!

கி.மு. 300 வாக்கிலேயே கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ், விதையில் முளைத்த மரம் தாய்மரம் போலக் காய்க்காது என்பதை எழுதிவைத்திருக்கிறார். அப்புறம் ரோமானியர்கள் ஒட்டுக்கலையோடு இந்தப் பழங்களை ஐரோப்பாவின் பல பகுதிகளுக்குக் கொண்டுபோனார்கள். விதை மட்டும் போனால் போதாது, கைவேலை தெரிந்தவரும் கூடப் போகவேண்டும், எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

ஒட்டுக்கட்டினால் இரண்டு மரத்து ருசியும் கலந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படிக் கலக்காது, மேலே கட்டிய குச்சி எந்த வகையோ அந்த வகைப் பழம்தான் அதில் காய்க்கும்.