மனச்சோர்வைக் குடித்து மறக்க முயல்வது ஏன் உடலையும் கெடுக்கிறது?

மனச்சோர்வு என்பது நாளின் பெரும்பகுதியும் மனத்தை அழுத்தும் துயரமோ, எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நீடிக்கும் நோய். அதைத் தாங்க முடியாமல் மது, புகை, பட்டினி, தனிமை ஆகியவற்றில் ஒதுங்குவதையே தவறான சமாளிப்பு என்கிறோம்.

இவற்றுள் அதிகம் ஏமாற்றுவது மதுதான். ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை வேலை முடிந்து வரும் ஒருவர், ஒரு குவார்ட்டர் குடித்ததும் உறங்கிவிடுகிறார். ஆனால் விடியற்காலை 3 மணிக்கு, நெஞ்சு படபடக்க, பனியன் வியர்வையில் நனைந்திருக்க விழித்து, பிறகு கண்மூட முடியாமல் கூரையைப் பார்த்துக் கிடக்கிறார். மது முதலில் மூளையின் இயக்கத்தைத் தணிக்கிறது. அதன் வீரியம் இறங்கும்போது மூளை எதிர்த்திசையில் கிளர்ந்து, பதற்றத்தைக் கூட்டி, உறக்கத்தைக் குலைக்கிறது. மறுநாள் மனம் இன்னும் சோர்வதால் குடிக்கும் அளவும் கூடுகிறது. கல்லீரல் கெடுவதோ வெகுநாள் கழித்தே வெளியே தெரியும்.

பாலாற்று மணலை அள்ளினால் அன்றைக்கு ஒரு வீடு எழும்பும். நீரைப் பிடித்து வைத்திருந்த அந்த மணல் போனபின் கரையோரக் கிணறுகள் வற்றும். மனம் தேறுவதற்கு வேண்டிய உறக்கத்தையும் உறவையும் மது அப்படித்தான் அள்ளிச் செல்கிறது.

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பதால், மருத்துவர் துணை கட்டாயம் வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ இரவிலும் அழைத்துத் தமிழில் பேசலாம்.

மனச்சோர்வு மாத்திரைகளும் மதுவைப் போல அடிமையாக்கும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அவை போதைப்பொருள்கள் அல்ல, மருத்துவர் சொல்லும் முறைப்படி மெல்லக் குறைத்து நிறுத்தக்கூடியவை.