பழைய ஆர்எஃப் (ரேடியோ அலை) ஆம்ப்ளிஃபையர்: ஹாம்களுக்கு, அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு, கேள்வி பதில்

சேலம்: ரிச்சி தெருவில் ஒரு ஆம்ப் போர்டு வாங்கினேன் சார். டிரான்சிஸ்டர் மேல் எழுத்தைச் சுரண்டிவிட்டார்கள். எந்த பேண்டுக்கானது?

எழுத்து போனாலும் போர்டே சொல்லிவிடும். டிரான்சிஸ்டரின் இரண்டு பக்கமும் பாருங்கள். பெரிய ஃபெரைட் கோரில் கம்பி சுற்றியிருந்தால் எச்எஃப் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்). விறைப்பான செம்புக் கோஆக்ஸை வளைத்து பேலன் (சிக்னலை இரண்டு பாதிக்கும் பிரித்துக் கொடுப்பது) போட்டிருந்தால் விஎச்எஃப் (30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ்) அல்லது டிவி பேண்டு. சுருளே இல்லாமல் அகலமான செம்புப் பட்டைகள் மட்டும் என்றால் பெரும்பாலும் 800 மெகாஹெர்ட்ஸுக்கு மேல், செல்போன் டவர் சரக்கு. அடுத்து, சப்ளை பக்கத்து கெபாசிட்டர். 50 வோல்ட் என்றிருந்தால் 28 வோல்ட் ஆம்ப். 100 என்றிருந்தால் அநேகமாக 50 வோல்ட் ஆம்ப். 63 என்றால் இரண்டுக்கும் வாய்ப்புண்டு, 28லேயே தொடங்குங்கள். கரண்ட் லிமிட் உள்ள சப்ளையும் டம்மி லோடும் (ஆன்டெனாவுக்குப் பதில் சக்தியை வாங்கிக்கொள்ளும் ரெசிஸ்டர்) இல்லாமல் ஆன் செய்யாதீர்கள்.

மதுரை: ஜிஎஸ்எம் 900 (செல்போன் டவர்) ஆம்பை 1296 மெகாஹெர்ட்ஸ் ஹாம் பேண்டுக்கு மாற்றலாமா?

உழைப்புக்கு ஏற்ற பலன் கிடைக்காது. 900க்கான மேட்சிங்கில் (அந்த அலைவரிசைக்குப் பொருத்தும் சர்க்யூட்) ஒரு பகுதி டிரான்சிஸ்டர் உறைக்குள்ளேயே இருக்கும், அதில் கை வைக்க முடியாது.

கோவை: பிஎல்எஃப் 278 டிரான்சிஸ்டர் போட்ட எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் போர்டு. 100 வாட் ரிக்கை (ஹாம் ரேடியோ செட்) நேராக இணைக்கலாமா?

கூடாது. 300 வாட் எடுக்க அதற்கு 3 வாட் அளவில் போதும். நடுவில் 15 டிபி (சுமார் 30 மடங்கு) குறைக்கும் அட்டெனுவேட்டர், அதுவும் 100 வாட் சூட்டைத் தாங்குவதாக.

நாகர்கோவில்: அதே டிரான்சிஸ்டர் ஹீட்சிங்கில் சரியாக உட்காரவில்லை. அரம் போடலாமா?

தொடாதீர்கள். உள்ளே இருக்கும் வெள்ளைச் செராமிக் பெரிலியம் ஆக்சைடு. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் தீராத நோய். ஹீட்சிங்கை வேண்டுமானால் மட்டம் தட்டுங்கள். புதிய எல்டிமாஸ் வகை டிரான்சிஸ்டரில் சோர்ஸ் முனை நேராக ஃப்ளேஞ்சில் (அடி உலோகத் தகட்டில்) அமர்வதால் இந்தச் செராமிக்குக்கு அவசியமே இல்லை. பழையதில் சந்தேகம் இருந்தால், இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சி: நானும் கோவைக்காரரின் அதே எஃப்எம் போர்டை 50 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். புஷ்-புல் (இரண்டு பாதி மாறி மாறி வேலை செய்வது) என்பதால் இரண்டாவது ஹார்மோனிக் (இரண்டு மடங்கு அலைவரிசையில் வரும் கழிவு) தானே அழிந்துவிடும். ஃபில்டர் எதற்கு?

இரண்டு பாதியும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால்தான் அழியும். பழைய போர்டில் அப்படி இருக்காது. 30 டிபி, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தது என்றே வைப்போம். 300 வாட்டில் 0.3 வாட் மிஞ்சும், அதுவும் 100 மெகாஹெர்ட்ஸில், பக்கத்து வீட்டு எஃப்எம் ரேடியோவில். எஃப்எம் டிரான்ஸ்மிட்டரோடு வந்த ஃபில்டரும் உதவாது. 108 வரை வழிவிடத்தானே அதைச் செய்தார்கள்?

திருச்சி, மறுபடியும்: ஆன்டெனா 50க்கு ட்யூன் ஆனது அண்ணே. மற்றது எப்படி வெளியே போகும்?

தம்பி, 7 மெகாஹெர்ட்ஸ் டைபோலில் (இரு கை கம்பி ஆன்டெனா) மூன்று மடங்கான 21ஐயும் அனுப்புகிறோமே, அதே கணக்கில் உங்கள் 50 டைபோல் 150ஐ நன்றாகவே அனுப்பும். மூன்றாவது ஹார்மோனிக்கைப் புஷ்-புல் தொடவே தொடாது. 60க்கு மேல் வெட்டும் லோ-பாஸ் ஃபில்டர் போடுங்கள். அதுவரை ஆன்டெனாவில் இணைக்காதீர்கள். உங்களால் இன்னொருவர் ரேடியோ கெட்டால் பழி எல்லா ஹாம்களுக்கும்தான்.

ஈரோடு: லைசென்ஸ் வரும் முன்னே வாங்கி வைக்கலாமா?

வேண்டாம். முதலில் தேர்வு.

வேலூர்: ரிக் 60 வாட்தான். எஃப்எம் போர்டில் நேராகக் கொடுக்கலாமா?

கோவைக்குச் சொன்னதைப் படியுங்கள். 15க்குப் பதில் 13 டிபி, அவ்வளவுதான். அப்புறம், அந்த வெள்ளைச் செராமிக்கை உடைத்துவிடாதீர்கள்.