மரத்தரை: கொட்டேஷனில் வராத செலவு

கேள்வி: 12க்கு 14 அடி படுக்கையறைக்கு மரத்தரை போட ஆசை. கடையில் சதுர அடிக்கு 450 ரூபாய் என்கிறார்கள். 75,600 ரூபாயில் முடிந்துவிடுமா?
– வாசகி, அடையாறு

பதில்: முடியாதும்மா. 168 சதுர அடி அறைக்கு 168 சதுர அடி பலகை போதாது. வெட்டுச் சேதாரம் 10 சதவீதம் வையுங்கள். சுமார் 185 வாங்கணும். பலகைக்கே 83,250 ஆகிவிடும். அதில் ஜி.எஸ்.டி. உண்டா என்று முதலில் கேளுங்கள். அப்புறம் அடியில் விரிக்கும் ஃபோம், சுவரோர ஸ்கர்ட்டிங், கூலி. தரை உயர்ந்ததும் கதவின் அடியை இழைக்க ஆசாரி வேறு வருவார். (இதை மட்டும் யாரும் கொட்டேஷனில் எழுத மாட்டார்கள்!)

நான் விலைக்கு முன்னால் பார்ப்பது, பலகையின் மேலே ஒட்டியிருக்கும் அசல் மரத்தின் கனம். 4 மி.மீ. இருந்தால் பிற்பாடு தேய்த்துப் புதுசாகப் பாலிஷ் போடலாம். அரை மி.மீ. என்றால் ஆழமாகக் கீறல் விழுந்ததும் பலகையையே மாற்றவேண்டியதுதான். சென்னை ஈரக்காற்றில் மரம் உப்பும். சுவரோரம் இடைவெளி விடத் தெரியாத ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

சுவரோடு பொருத்திய வார்ட்ரோபுக்கு அடியில் மரம் வேண்டாம். அந்தச் சதுர அடிகளைக் கழித்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.